ஸ்கோப்புக்கு முன்னால் ஸ்க்ரூ

முதலமடையில் எங்களுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று. தோப்பின் தெற்கு வேலியில் நின்றால் நெல்லியாம்பதி மலை தெரியும். வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கோவிந்தாபுரம் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் தமிழ்நாடு. ஊரைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. நான் வாங்கியது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து மூட வேண்டிய, ஒரு புது .22 (0.22 அங்குலம்) போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். அதை 100 மீட்டர் இலக்குச் சுடுதலுக்குத் தயார் செய்ய ஒன்றே கால் வருடத்துக்கு மேல் ஆனது. தண்டமாகப் போன பணம் மட்டும் 19,000 ரூபாய். அந்தச் சிக்கலில் பாதி ரைபிளில் இல்லை, நான் குடியிருக்கும் இடத்தில்தான் இருந்தது.

ரைபிள் என்றதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பன்னிக்கா?" எங்கள் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை இருப்பது உண்மை. ஆனால் நான் வாங்கியது காகிதத்தில் ஓட்டை போட மட்டும். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது .22 டீலக்ஸ் ரைபிளில் 25 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டு, எல்லாவற்றையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடலாம் என்று ஹவில்தார் காட்டினார். அந்த நாணயம் இருபது வருடம் மண்டைக்குள்ளேயே இருந்தது. தோப்புக் கடன் அடைந்ததும் ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன், பாதுகாப்புப் பயிற்சி முடித்தேன், 2021 செப்டம்பரில் துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பம் போட்டேன்.

போலீஸ் விசாரணை மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது. அப்புறம் ஃபைல் அப்படியே படுத்துக்கொண்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு கிளார்க் போகிற போக்கில் சொன்னார், "உங்க வீடு சரணாலயத்துக்குப் பக்கமில்லையா, அங்கேயிருந்து சம்மதம் வரணும்." வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் 34-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புதிதாக ஆயுத லைசென்ஸ் கொடுக்க வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் சம்மதம் வேண்டும். பறம்பிக்குளம் சரணாலயம் எங்களுக்கு முதுகுப்பக்கம். இது முதல் நாளே தெரிந்திருந்தால் வீட்டு இடத்தின் வரைபடத்தையும் தூரச் சான்றையும் விண்ணப்பத்தோடேயே வைத்திருப்பேன். ஃபைல் எங்கே நிற்கிறது என்று கேட்கவும் தெரிந்திருக்கும். லைசென்ஸ் கைக்கு வந்தது 2023 மே மாதம். இருபது மாதம். மலையடிவாரத்தில் இருப்பவர்கள், ஆனைமலைப் பக்கமானாலும் சரி, தேக்கடிப் பக்கமானாலும் சரி, இதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரைபிள் வாங்கியது ஜூலையில், கொட்டுகிற மழையில். வரியோடு 62,000. மரக் கட்டை, ஐந்து ரவுண்டு மேகசின், குறி பார்க்க மேலே இரும்பு சைட், ரிசீவரில் (போல்ட் உட்காரும் இரும்பு உடலில்) ஸ்கோப் மாட்ட 11 மில்லிமீட்டர் டவ்டெய்ல் பள்ளம். எங்கள் மாவட்ட கிளப்பில் 10 மீட்டரும் 50 மீட்டரும்தான் உண்டு. 50 மீட்டரில் படுத்துச் சுட்ட முதல் ஐந்து குண்டின் குரூப், அதாவது ஓட்டைகள் சிதறிய அகலம், 64 மில்லிமீட்டர். சர்வதேசப் போட்டியில் 50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நாணயக் கனவு அங்கேயே கலைந்தது. சரி, கண் நாற்பதைத் தாண்டிவிட்டது, ஸ்கோப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற வெட்கம். அந்த வெட்கத்துக்குத்தான் 19,000 ரூபாய் கொடுத்தேன்.

முதல் ஸ்கோப் பழசு, 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர்), விலை 9,500. விற்றவர் பெரிய ரைபிளில் வைத்திருந்தது. கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தலையைக் கொஞ்சம் அசைத்தால் குறுக்குக் கம்பி அட்டை மேல் மிதந்து நகர்ந்தது. இந்த நகர்வுக்குப் பெயர் பேரலாக்ஸ், அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். பெரிய தோட்டாவுக்கான ஸ்கோப்புகளில் அது வராத தூரம் பெரும்பாலும் 100 கஜம் என்று செட் செய்து பூட்டப்பட்டிருக்கும். .22-க்கென்று வருபவற்றில் 50 கஜம். ஐம்பதில் ஒரு நாள், நூறில் ஒரு நாள் சுடுபவருக்கு, தூரத்துக்கு ஏற்ப அதைத் திருகி மாற்றும் வளையம் உள்ள ஸ்கோப்தான் சரி. நான் 9,500-க்கு வாங்கியதை 4,000-க்குத் தள்ளிவிட்டு, 4-16 மடங்கு, பேரலாக்ஸ் மாற்றக்கூடிய இன்னொன்றை 31,000-க்கு வாங்கினேன். இதன் குழாய் 30 மில்லிமீட்டர். ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து வைக்கக் கையில் இருந்த ரிங்கோ ஒரு அங்குலம், அதாவது 25.4. அந்த ரிங் 2,200 ரூபாய், கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இந்த அளவைப் பெட்டியின் பக்கவாட்டில் பெரிதாகத்தான் போட்டிருந்தார்கள். நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதோடு நின்றேனா? தூரம் சுட வேண்டுமென்றால் ஸ்கோப்பின் முன்பக்கத்தைத் தாழ்த்தி உட்கார வைக்கும் 20 எம்.ஓ.ஏ. சாய்வு ரெயில் வேண்டும் என்று எங்கோ கேட்டதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு 4,800 ரூபாய்க்கு அதையும் போட்டேன். எம்.ஓ.ஏ. என்பது கோண அளவு. ஒரு எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர், 50 மீட்டரில் அதில் பாதி. ரெயிலை மாட்டிவிட்டு 50 மீட்டரில் ஜீரோ செய்ய, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்த, உட்கார்ந்தால், டரட்டை (ஸ்கோப்பின் மேல்-கீழ் குமிழை) அடியோடு கீழே திருகி முடித்த பிறகும் குண்டு குறிக்கு மேலே ஒரு விரல் நீளம் ஏறியே விழுந்தது. அந்த ஸ்கோப்பின் மேல்-கீழ் ஓட்டம் மொத்தமே 40 எம்.ஓ.ஏ. சாய்வு ரெயில் அதில் ஒரு பக்கத்தை முழுதாகத் தின்றுவிட்டது. பிறகு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். 50 மீட்டரில் ஜீரோ செய்த சாதாரண வேகத் தோட்டா 100 மீட்டரில் விழுவது சுமார் 18 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு எம்.ஓ.ஏ.தான். குமிழின் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ., இருபத்தைந்து கிளிக் பக்கம் திருகினால் போதும். 100 மீட்டருக்குச் சாய்வு ரெயிலே வேண்டாம். இந்தப் பென்சில் கணக்கை வாங்குவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். அப்புறம் 6,500 ரூபாய்க்கு ரைபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் கால், ஒரு பைபாட் வாங்கினேன், அதன் கதை கீழே வருகிறது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்வதேச விதிப்படி நடக்கும் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் தொலைநோக்கி ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்க்கும் துளை சைட்தான். ஸ்கோப் மாட்டிய ரைபிளோடு பெயர் கொடுக்கப் போய் நின்ற என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் அங்கே டீ கொடுக்கும் பையன். போட்டிதான் உங்கள் குறி என்றால் ஸ்கோப்புக்கு வைத்த காசை நல்ல துளை சைட்டில் போடுங்கள்.

50 மீட்டரில் குரூப் 55-க்கு இறங்கியது. 40,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்து ஒன்பது மில்லிமீட்டர்! அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நூறு மீட்டரில் சுட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும் என்று, கோவைப் பக்கம் ஒரு ரேஞ்சில் பேசி வைத்து, 2023 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். ரைபிள் பூட்டிய பெட்டியில், போல்ட் தனியாக, தோட்டா வேறு பையில். எல்லாம் முறைப்படி. செக்போஸ்டில் நிறுத்தினார்கள். நானே இறங்கி லைசென்ஸ் புத்தகத்தை நீட்டினேன். இளவயது எஸ்.ஐ., டார்ச் அடித்து நிதானமாகப் பக்கம் பக்கமாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து, "சேட்டா, இது கேரளம் மாத்ரமாணல்லோ" என்றார்.

பார்த்தால், ஆமாம். செல்லுபடியாகும் பகுதி: கேரள மாநிலம். இத்தனை மாதம் அந்தப் புத்தகத்தைப் பூஜை அறையில் வைத்திருந்தேனே தவிர, அந்த வரியைப் படித்ததில்லை. அரிசி வாங்கப் பொள்ளாச்சி, கல்யாணத்துக்கு உடுமலை, ஆஸ்பத்திரிக்குக் கோவை என்று வாழ்கிறவர்களுக்கு அந்தக் கோடு மனதில் இருப்பதே இல்லை. துப்பாக்கிக்கு மட்டும் இருக்கிறது. இன்னும் நூறு மீட்டர் தள்ளித் தமிழ்நாடு போலீஸ் கையில் மாட்டியிருந்தால் லைசென்ஸ் நிபந்தனை மீறல், வழக்கு, லைசென்ஸே போயிருக்கலாம். அந்த எஸ்.ஐ. திருப்பி அனுப்பியதோடு விட்டார். கை நடுங்கி, வண்டியைத் திருப்பும்போது பேரிகார்டில் இடித்தேன். வீட்டுக்கு வந்து நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "படிச்சவங்கதானுங்க நீங்க?"

பகுதி நீட்டிப்புக்குத் தனியாக விண்ணப்பம், கிளப்பின் கடிதம், ரேஞ்சின் கடிதம். பத்து வாரம் ஆனது. எல்லையோரத்தில் இருப்பவர்கள் முதல் விண்ணப்பத்திலேயே, எந்தக் காரணத்துக்காக எந்த மாநிலமும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வழியையும் யோசித்து வையுங்கள். சரணாலயத்துக்குள் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. டாப்சிலிப், சின்னாறு வழியெல்லாம் சுற்றிப் பார்க்கப் போகிற போது போங்கள், ரைபிள் வண்டியில் இருக்கும்போது வேண்டாம்.

டிசம்பரில் ஒருவழியாகக் கோவை ரேஞ்சுக்குப் போனேன். அங்கே பயிற்சி பார்த்துக்கொள்பவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். விடிகாலை, நல்ல குளிர், ஊதினால் வாயில் புகை வருகிற குளிர் என்று சொல்ல முடியாது, ஆனால் ஸ்வெட்டர் வேண்டியிருந்தது. முதல் குண்டு, 'டிக்'. வெடிக்கவில்லை. மாஸ்டர் சத்தமாக, "அப்படியே இருங்க, குழலை நகத்தாதீங்க, முப்பது எண்ணுங்க" என்றார். சில நேரம் தாமதித்து வெடிக்கும் என்பதால் குழலை இலக்குப் பக்கமே வைத்துக் காத்திருந்துதான் போல்ட்டைத் திறக்க வேண்டும். இரண்டாவதும் 'டிக்'. மூன்றாவது வெடித்தது. நாலாவது 'டிக்'. எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் விளிம்பில், அதைக் குத்தி வெடிக்க வைக்கும் பின் (ஊசி) பட்ட அடையாளம் நகக்கீறல் மாதிரி லேசாக இருந்தது.

மாஸ்டர் போல்ட்டைக் கழற்றி மூக்கருகே கொண்டு போனார். முகத்தைச் சுருக்கினார். "என்னங்க தம்பி, தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கிறதா இதுக்கும்?" மழைக்காலத்தில் துருப்பிடிக்கக் கூடாது என்று உள்ளே வெளியே எல்லாம் தேங்காய் எண்ணெய் போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் கதவுக் கீல், தையல் மெஷின், கால் வெடிப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் என்பது பாட்டில் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போல்ட்டுக்குள்ளே வெள்ளை மெழுகு மாதிரி உறைந்து பின்னையும் ஸ்பிரிங்கையும் பிடித்து வைத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, துப்பாக்கிக்கான மெல்லிய எண்ணெயில் ஒரு சொட்டு மட்டும் வைத்துக் கொடுத்தார். எல்லாம் வெடித்தது.

அப்புறம்தான் அவர் கேட்டார்: "ஸ்க்ரூ எப்போ பாத்தீங்க?" எந்த ஸ்க்ரூ என்று நான் திருப்பிக் கேட்டேன். ரைபிளின் இரும்பையும் மரக் கட்டையையும் சேர்த்துப் பிடிப்பது அடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூதான். முன் ஸ்க்ரூவில் அவர் சாவியை வைத்துத் திருப்பினார், ஏறக்குறைய முக்கால் சுற்று இறங்கியது. 31,000 ரூபாய் ஸ்கோப்பை ஆடுகிற இரும்பின் மேல் உட்கார வைத்திருந்திருக்கிறேன். மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், ஸ்க்ரூ தளரும். ஒவ்வொரு தடவையும் ஒரே அழுத்தத்தில் முறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும். துப்பாக்கிக் கடையில் தேடாதீர்கள். கார்பன் சைக்கிள் விற்கும் கடையில் 2 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சின்ன ரெஞ்ச் கிடைக்கும், எனக்கு 4,200 ஆனது. என் மரக் கட்டைக்கு ஒத்துவந்தது 2.8 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் மரம் நசுங்கும். ஸ்கோப் ரிங்குக்கு 2-ஐத் தாண்டவில்லை. ஸ்கோப்பின் நெட்டுக் கம்பி செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி இருபது மீட்டரில் தொங்கவிட்டு அந்த நூலோடு சேர்த்துப் பிடித்தேன். அதற்குக் காசு இல்லை.

ஸ்க்ரூ முறுக்கிய அன்றே, அதே தோட்டாவில், 50 மீட்டரில் குரூப் 38. பேசாமல் ரொம்ப நேரம் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வயிற்றெரிச்சல்தான் அதிகம்.

அடுத்தது தோட்டா. என் லைசென்சில் வருடத்துக்கு 200 தோட்டாதான். இதில் நாலைந்து வகையைச் சோதித்துப் பார்த்தால் சுடுவதற்கு என்ன மிஞ்சும்? கிளப்பின் கணக்கில் உள்ள தோட்டாவை அங்கேயே சுட்டுக் கணக்கை முடிக்கலாம் என்று மாஸ்டர் சொன்னார். அது தெரியாமல் முதல் வருடத்தின் 130 தோட்டாவை வீணடித்திருந்தேன். ஐந்து வகை எடுத்தோம். ஒவ்வொரு வகையின் குண்டிலும் பூசியிருக்கும் மெழுகு வேறு, அதனால் வகை மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. அப்புறம் ஐந்தைந்தாக இரண்டு குரூப். நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த அதிவேகத் தோட்டா 58. வினாடிக்கு 380 மீட்டரில் கிளம்புவது 100 மீட்டர் போவதற்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது, அந்த இடத்தில் குண்டு தள்ளாடும். 326 மீட்டர் பக்கம் கிளம்பும் சாதாரண வேகத் தோட்டா ஆரம்பம் முதலே ஒலிக்குக் கீழேதான், அமைதியாகப் போய்ச் சேரும். நூறு மீட்டருக்கு அதுதான். அதிலும் போட்டிக்கென்று வரும் விலை கூடிய மேட்ச் தோட்டா என் ரைபிளில் 31, நடுவிலை ஜெர்மன் தோட்டா 24. ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு தோட்டா பிடிக்கும், ஏன் என்று குழலைத்தான் கேட்க வேண்டும். பிடித்த தோட்டா தெரிந்ததும் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் லாட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பெயர், வேறு லாட், வேறு குரூப் என்பது நடக்கும்.

ட்ரிக்கர் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகும்போது லக்கேஜ் எடை பார்க்கும் தராசின் கொக்கியை அதில் மாட்டி இழுத்துப் பார்த்தேன், 3.2 கிலோ. ரைபிளின் எடையே அந்தப் பக்கம்தான் இருக்கும். பொள்ளாச்சியில் லேத் வைத்திருக்கும் நண்பன் ஒருவன், "கொண்டா, அரை மணி நேரத்துல பட்டாட்டம் பண்ணித் தர்றேன்" என்றான். மனசு ஆடத்தான் செய்தது. ஆனால் ஆயுதச் சட்டம் 1959-ன் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே லைசென்ஸ் வேண்டும். அவனும் மாட்டுவான், நானும் மாட்டுவேன். லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரிடம்தான் போனேன், 1.6 கிலோவுக்கு இறக்கித் தந்தார். இன்னும் குறைக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். போல்ட்டைப் படீரென்று மூடினாலும், கட்டையில் கையால் தட்டினாலும் விழக் கூடாது, அதுதான் கணக்கு என்றார். வீட்டில் வெறுமனே ட்ரிக்கர் இழுத்துப் பழக வேண்டாம் என்றும் சொன்னார். .22-இல் பின் போய்ச் சேம்பரின், அதாவது தோட்டா உட்காரும் அறையின், விளிம்பிலேயே இடிக்கலாம். பழக வேண்டுமானால் சுட்ட காலித் தோட்டாவைப் போட்டுப் பழகலாம்.

ஜனவரி, பிப்ரவரியில் தோப்பில் மாங்காய் வேலை, ரைபிளைத் தொடவில்லை. வேலை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் 2024 மார்ச் 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு. நடத்தை விதி வந்தால் லைசென்ஸ் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். விலக்குக் கேட்க விண்ணப்பிக்கலாம், நான் அதற்குள் தாமதித்துவிட்டேன். லைசென்ஸ் உள்ள ஒரு டீலரிடம் பாதுகாப்புக்கு வைத்தேன். ஜூன் மத்தியில்தான் திரும்பி வந்தது. மூன்று மாதம் ஈரச் சுவர் ஓரமாக நின்றிருக்கிறது. பேரலில், அதாவது குழலில், கடுகு தெளித்த மாதிரி துருப்புள்ளி. கொடுக்கும் நாளில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், ரசீதில் ரைபிள் எண், மேகசின், போல்ட் எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், குழலுக்கு உள்ளும் புறமும் எண்ணெய் விட்டுக் கொடுங்கள். ஸ்கோப்பை நான் கழற்றி வைத்துக்கொண்டேன், அது மட்டும்தான் சரியாகச் செய்தது. கழற்றும் முன் ரிங் உட்கார்ந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டிருந்ததால் திரும்ப ஜீரோ செய்ய எட்டுக் குண்டில் முடிந்தது.

ஆனால் ஜூலையில் குரூப் மறுபடி 50-ஐத் தாண்டியது. ஸ்க்ரூ சரி, தோட்டா சரி, லாட்டும் அதே. இரண்டு வாரம் தூக்கம் இல்லை. மாஸ்டருக்குப் போன் போட்டேன். "பத்து ரூபா நோட்டு இருக்குதா?" என்றார். நோட்டைக் கட்டைக்கும் பேரலுக்கும் நடுவில் முன் நுனியில் செருகி ரிசீவரை நோக்கி இழுக்கச் சொன்னார். பேரல் கட்டையில் எங்கும் படாமல் மிதக்க வேண்டும், நோட்டு தடையில்லாமல் போக வேண்டும். என் நோட்டு இரண்டு விரற்கடை போனதுமே நின்றுவிட்டது. இடது பக்கம் மட்டும் இறுக்கம். இழுத்ததில் நோட்டின் ஓரம் கிழிந்தது. மூன்று மாத ஈரத்தில் மரம் ஊதி வளைந்து பேரலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. முன் கட்டையில் மாட்டிய 6,500 ரூபாய் பைபாடை ஊன்றினால், மரம் இன்னும் கொஞ்சம் மேலேறிப் பேரலைத் தொட்டது. பணம் கொடுத்து அந்த வியாதியை நானே அதிகமாக்கியிருக்கிறேன்.

ரிப்பேர்காரர் உப்புத்தாளை ஒரு குழாயில் சுற்றி, பள்ளத்தை முழு நீளத்துக்கும் நிதானமாகத் தேய்த்தார். நோட்டை இரண்டாக மடித்து இழுத்தும் தடையில்லாமல் போகும்வரை தேய்த்தார். "கட்டை தண்ணி குடிச்சிருக்குதுங்க. வெளியில பாலீஷ் போட்டிருக்கறான், உள்ள பச்சையா விட்டுட்டான்" என்றார். உள்பக்கத்துக்கும் மூன்று பூச்சு வார்னிஷ் ஏற்றினார். ட்ரிக்கர் வேலையையும் சேர்த்து 3,500 ரூபாய். பைபாடுக்குப் பதிலாக என் மனைவி பழைய ஜீன்ஸ் பேண்ட்டின் காலை வெட்டி, சலித்த மணல் நிரப்பி இரண்டு பை தைத்துக் கொடுத்தாள். முன்னால் ஒன்று பெரிதாக, தோள்பக்கம் அடியில் ஒன்று சின்னதாக. ரைபிள் அதில் குழந்தை மாதிரி படுத்துக்கொள்கிறது. 50 மீட்டரில் குரூப் 19.

நூறு மீட்டரில் மிச்சம் இருந்தது காற்று மட்டும்தான். பாலக்காட்டுக் கணவாயில் வாழ்கிறவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து, மார்கழியில் கிழக்கே இருந்து. கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்திருப்பது சும்மா இல்லை. .22 குண்டு நூறு மீட்டர் போக ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 50 மீட்டரில் இரண்டரை மூன்று சென்டிமீட்டர் தள்ளினால், 100 மீட்டரில் பத்துச் சென்டிமீட்டர் தள்ளும். தூரம் இரண்டு மடங்கு, தள்ளல் நாலு மடங்கு. அதனால் சூரியன் ஏறுவதற்கு முன்னால் சுடுவது, 25, 75 மீட்டரில் இரண்டு குச்சியில் புடவைக் கரை நாடாவைக் கட்டி இரண்டும் ஒரே மாதிரி தொங்கும்போது மட்டும் ட்ரிக்கரைத் தொடுவது என்று பழகினேன். அவசரம் போகவே இரண்டு மாதம் ஆனது.

2024 நவம்பர் கடைசியில் ஒரு காலை, நாடா இரண்டும் செத்த பாம்பு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. இருபத்தாறு கிளிக் ஏற்றி, நூறு மீட்டரில் ஐந்து குண்டு. நாலு குண்டு 44 மில்லிமீட்டருக்குள். ஐந்தாவது மட்டும் வலது பக்கம் நாலு விரற்கடை தள்ளி. அதைச் சுடும்போது தூரத்து நாடா லேசாகத் தூக்கியதை நான் பார்த்தேன், பார்த்தும் இழுத்துவிட்டேன். மாஸ்டர் அட்டையை வாங்கிப் பார்த்து, தள்ளி விழுந்த ஓட்டையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, "இது மட்டும் உங்களோடது" என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கே கிளப் செயலாளரிடம் போய் அந்த லாட் எண்ணைக் காட்டி, இன்னும் எத்தனை பெட்டி இருக்கிறது என்று கேட்டேன். அவர் பேரேட்டைப் புரட்டினார். போன வாரமே தீர்ந்துவிட்டதாம். அதே தோட்டா புது லாட்டில் வந்திருக்கிறது, சோதித்துப் பாருங்கள் என்று ஒரு பெட்டி எடுத்து வைத்தார்.